அவளுக்கு ஆகாத தோட்டம்

என் மனைவியின் சுகக்கேட்டைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தோட்டத்தைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது போலிருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

எங்களுடையது பெரிய தோட்டம் இல்லை. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்குகிற ஆறு கால்வாயாகப் பிரிந்து வருகிற வழியில் ஒரு துண்டு நிலம். நடுவில் கோழிக்கூடு வாழை. வாழை நிழலில் மஞ்சள். சுற்றிலும் அகலமான வரப்பு. மற்றதெல்லாம் அந்த வரப்பில்தான் நிற்கிறது. வடக்கே முழுக்க மருதாணி வேலி. மேற்கே பனை. கால்வாய் ஓரத்தில் தென்னை. இடையிடையே வேம்பு, பூவரசு, அகத்தி, முருங்கை. கிணற்றுப் பக்கம் ஒரு வில்வம். மூலையில் ஒரு கல்யாண முருங்கை, அதன் மேல் நல்லமிளகுக் கொடி.

எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வரப்புக்கு உள்ளே விளைவது எங்களுக்கு. வரப்பில் நிற்பதை யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது, அதற்குக் காசும் வாங்கக் கூடாது. ஏன் என்று அப்பாவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வரப்பில் பாதி அடுத்தவனுடையது என்கிற எண்ணமாக இருக்கலாம். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தாள். "உள்ளே இருக்கிறதை விட வரப்புலதானே ஜாஸ்தி இருக்கு" என்றாள். அப்புறம் அந்த வழக்கத்தை என்னைவிட அவள்தான் இறுக்கிப் பிடித்துக் கொண்டாள். வருகிறவர்களைப் பூவரசு நிழலில் உட்கார வைத்து மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டாள்.

அப்படி வந்து வந்து சொந்தக்காரர் மாதிரி ஆகிப் போனவர்கள் மூன்று பேர்.

ஒருத்தி மேலப்பாளையத்துக்காரி. மற்ற நாளில் பீடி சுற்றுகிறவள், கல்யாண வீடு வந்தால் பெண்ணுக்கு மருதாணி போடப் போவாள். பெருநாளுக்கு முன்பு சாக்கோடு வந்து எங்கள் வேலியை மொட்டையடித்துவிட்டுப் போவாள். அடுத்த மழைக்கு அது முன்னைவிடத் தழைத்துக் கிடக்கும். என்னை அண்ணாச்சி என்பாள். என் மனைவி அவளுக்கு மைனி. எங்கள் வீடுகளில் ஆடி மாதம் உள்ளங்கையில் வட்டமாக அப்பி, விரல் நுனிக்குத் தொப்பி வைத்தால் மருதாணி முடிந்தது. அவள் கையில் அதே இலை கொடியாகவும் பூவாகவும் முழங்கை வரை ஏறும். வேப்பிலையும் ஒடித்துப் போவாள். "அம்மை போட்டா எங்க வீட்டுலயும் இந்த இலைதான் மைனி. நீங்க கும்பிட்டுட்டுப் போடுவீங்க, நாங்க ஓதிட்டுப் போடுவோம்" என்பாள்.

இன்னொருவர் வள்ளியூர்ப் பக்கத்து வேதக்கார அண்ணாச்சி. கருப்பட்டி வியாபாரம். குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் ஆள் கூட்டி வந்து எங்கள் பனையில் குருத்து வெட்டிப் போவார். அவர்கள் கோயிலில் அந்த ஓலையை மந்திரித்துக் கொடுப்பார்களாம். வருடம் முழுக்க வீட்டு நிலையில் செருகி வைத்து, மறு வருடம் எரித்து அந்தச் சாம்பலை நெற்றியில் பூசுவார்களாம். அதைக் கேட்ட நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. "எங்களுக்கும் சாம்பல்தான் அண்ணாச்சி" என்று என் நெற்றியைக் காட்டினேன். "கடைசியில எல்லாருக்கும் அதான வே" என்றார்.

மூன்றாமவர் மலையிலிருந்து வருகிற காணிக்காரர். பாபநாசத்துக்கு மேலே குடியிருப்பு. அவர்கள் பெரிய மரங்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றின் அடியிலேயே மரச்சீனிக் கிழங்கும் வாழையும் மிளகும் வைத்துக் கொள்வார்கள். எங்களிடம் நடுவதற்கு முருங்கைப் போத்து வெட்டிக் கொள்ள வந்தவர், அடுத்த தடவை தோளில் மிளகுக் கொடியோடு வந்தார். அவராகவே கல்யாண முருங்கையின் அடியில் அதை ஊன்றினார். அதிகம் பேச மாட்டார். ஈத்தை மூங்கிலில் முடைந்த சின்னக் கூடை ஒன்றில் தேனடை கொண்டு வந்து வைத்துவிட்டு, வைத்தேன் என்றுகூடச் சொல்லாமல் போவார்.

எங்கள் பங்குக்கு நாங்களும் வரப்பை விட்டு வைத்ததில்லை. திங்கட்கிழமைக்கு வில்வம். ஏகாதசி விரதம் முடித்த மறுநாள் அகத்திக்கீரை. பூவரச இலையில் வைத்து அவித்த கொழுக்கட்டை. முதல் குலை வெட்டினால் ஒரு சீப்பு பாபநாசத்துக் கோயிலுக்கு. மஞ்சள் கிண்டினால் முதல் பிடி அங்கே உலகம்மைக்கு. அம்மை சன்னதி முன்னால் உரல் உண்டு. பெண்கள் மஞ்சள் இடித்துக் கொடுக்க, அம்மைக்கு அபிஷேகம் ஆன தண்ணீரைத் தீர்த்தமாகக் கொடுப்பார்கள். என் மனைவி உலக்கை போட்டால் உரலுக்கு வெளியே ஒரு தூள் சிந்தாது.

அவளுக்குத்தான் கால் வீங்கியது. முதலில் மெட்டி இறங்கவில்லை என்றாள். நின்று நின்று வேலை பார்த்த வீக்கம் என்று நினைத்தோம். அப்புறம் முகமும் காலையில் ஊதியிருந்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் படம் எடுத்தார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, இனிமேல் செய்யாது, மெஷினில் வைத்துத்தான் இரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள்.

அந்த டாக்டரம்மா சின்னப் பெண். என் மகளைவிட இளையவளாக இருப்பாள். பொறுமையாகத்தான் சொன்னாள். "பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு அப்பா. நல்ல உடம்புல கூடினா வெளியே போயிரும். இவங்களுக்குப் போகாது. கூடிச்சுன்னா நெஞ்சு அப்படியே நின்னுரும். அதனால வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடவே கூடாது. கீரை, முருங்கைக்காய், தேங்காய், நுங்கு, பதநீர், கருப்பட்டி எதுவும் வேண்டாம். காய்கறியை வேக வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுக் குடுங்க. நாட்டு மருந்து, வேர், கஷாயம் ஒரு சொட்டு கூடாது. தண்ணியும் அளந்துதான்."

அவள் சொல்லச் சொல்ல நான் மனசுக்குள் எங்கள் வரப்பைச் சுற்றி நடந்து கொண்டிருந்தேன். தென்னை போயிற்று. பனை போயிற்று. அகத்தி, முருங்கை. உள்ளே வாழையும் போயிற்று.

"எங்க தோட்டத்துல வேற ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா" என்றேன்.

"என்னெல்லாம் இருக்கு?"

"இப்ப நீங்க சொன்னதெல்லாம்தான்."

அவள் சிரிக்கவில்லை. 

என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் ஆகாது என்றுவிட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கிற மகளைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் மெஷினுக்குப் போகிறோம். பஸ்ஸில் அவள் எப்போதும் ஜன்னலோரம் உட்காருகிறவள். ஒருநாள் ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது, "இங்கேருங்க, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று எழுந்து கொண்டாள். ஏன் என்றேன். "ஆத்தப் பார்த்தா தாகம் கூடுது" என்றாள். அன்றிலிருந்து நான் ஜன்னலோரம். தண்ணீரை நான் பார்க்கிறேன், அவள் பஸ்ஸுக்குள் முன்சீட்டுக்காரர் முதுகைப் பார்த்துக் கொண்டு வருகிறாள். தாமிரபரணிக் கரையில் பிறந்து, தாமிரபரணிக் கரையில் வாழ்க்கைப்பட்டவள்.

சமையலும் என்னிடம் வந்தது. காயை வேக வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுப்பேன். உப்பும் இல்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய் வாங்கிவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். "வாயில காசை அடக்கி வச்சிருக்க மாதிரி இருக்கு. எல்லாம் இரும்பா இருக்கு" என்பாள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். இந்த நோயில் சில பேருக்கு ருசி செத்துப் போகும் என்றாள்.

சேதி வெளியே போயிற்று. அப்புறம்தான் எனக்கு உண்மையான சோதனை தொடங்கியது. எத்தனையோ வருடமாக எங்கள் வரப்பிலிருந்து எடுத்துப் போனவர்கள், சுகமில்லை என்று கேள்விப்பட்டதும், தங்கள் ஆட்கள் சுகமில்லாதவர்களுக்கு எதைக் கொடுப்பார்களோ அதை எடுத்துக் கொண்டு வந்தார்கள்.

வள்ளியூர் அண்ணாச்சிதான் முதலில் வந்தார். ஒரு கேனில் பதநீர், ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. வண்டியை விட்டு இறங்கும்போதே சத்தம். "எங்க அம்மை படுத்த படுக்கையா கிடந்தவ, இதக் குடிச்சுத்தான் எந்திச்சு உக்காந்தா. புளிக்கதுக்குள்ள கொண்டாந்திருக்கேன். குடும் வே, பார்த்துட்டு நிக்கீரு!"

 விடிவதற்கு முன்னால் பனையிலிருந்து இறக்கினதை வெயிலில் கொண்டு வந்திருக்கிறார், சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. "அவ உறங்குதா அண்ணாச்சி. எந்திச்சதும் குடுக்கேன்" என்று வாங்கி வைத்தேன். அவர் நடுவீட்டில் நின்று கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பதநீரைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. தோட்டத்துக்கு எடுத்துப் போய் ஒரு வாழையின் தூரில் ஊற்றினேன்.

திரும்பி வந்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பதனி வாசம் வருதே."

"வாழைக்கு ஊத்திட்டேன்."

"சரி, வாழைக்காவது நல்லாருக்கட்டும்" என்று திரும்பிப் படுத்தாள்.

அடுத்து காணிக்காரர் வந்தார். தேக்கிலையில் ஒரு வேரைச் சுற்றி, நாரால் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். மலையில் எங்கேயோ ஏறி இறங்கிப் பிடுங்கினது என்று அவர் காலைப் பார்த்தாலே தெரிந்தது. முள் கிழித்திருந்தது.

"காச்சிக் குடுக்கணும் அண்ணாச்சி. எங்க ஆளுவளுக்கு நீர் அடைச்சா இதத்தான் குடுப்போம்."

இவரிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் வார்த்தையை வீணாகச் செலவு பண்ணாதவர். அவரிடம் போய் உறங்குகிறாள் என்று எப்படிச் சொல்வது? உள்ளதைச் சொன்னேன். "ஆஸ்பத்திரியில எந்த வேரும் ஆகாதுன்னுட்டாவ. மெஷின்ல ஓடுது உசிரு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

 அவர் நீட்டின கையை மெதுவாகப் பின்னால் இழுத்து, அவிழ்ந்த நாரை மறுபடி கட்டினார். "சரி அண்ணாச்சி" என்றார். மோர் வேண்டாம் என்றார். வரப்பு வழியாகப் போகும்போது கல்யாண முருங்கை பக்கத்தில் நின்று, தொங்கின மிளகுக் கொடியொன்றை எடுத்து மரத்தோடு சேர்த்து ஒட்டி வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. மிளகு சிவந்து, உதிர்ந்து, குருவி தின்று போயிற்று. பாபநாசம் போகிறபோதெல்லாம் மலைப்பாதைப் பக்கம் பார்த்துக் கொண்டு நிற்பேன். கோபமா, வருத்தமா, சும்மா வேலையா, எனக்குத் தெரியாது. வாங்கிக் கொண்டு வாழைக்குப் போட்டிருக்கலாமோ என்று தோன்றும். சாமிக்கு முன்னால் நின்றால் அதுவும் பொய்தானே என்று தோன்றும்.

சாமியிடமும் எனக்கு இதே கதைதான். மஞ்சளை எடுத்துக் கொண்டு உலகம்மை சன்னதிக்குப் போனேன். உரலை விட்டுத் தள்ளி நின்றேன். ஆம்பிளை இடித்து நான் பார்த்ததில்லை. அங்கே இடித்துக் கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "தாயி, இதையும் சேர்த்து இடிச்சுத் தா. எங்க வீட்டுல வரக்கூடிய நிலைமையில இல்ல" என்றேன். அந்தப் பெண் யாரென்றே தெரியாது. என் பையை வாங்கி இடித்தாள். கொஞ்சம் வெளியே சிந்தியது. தீர்த்தத்தை ஒரு சின்னச் செம்பில் பிடித்து வந்தேன். வந்தபோது என் மனைவி அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்திருந்தாள். செம்பையே பார்த்தாள். நானும் செம்பைப் பார்த்தேன். அம்மையே, உன் தண்ணீரைக் கூட அளந்து கொடுக்கிற நிலைமைக்கு எங்களைக் கொண்டு வந்துவிட்டாயே என்று அழுகை வந்தது. விரலை நனைத்து அவள் நெற்றியிலும் கண்ணிலும் ஒற்றினேன். மீதியை வில்வத்தின் தூரில் விட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் மேலப்பாளையத்துத் தங்கச்சி வந்தாள். அவள் கையிலும் பாட்டில். "பள்ளியில ஓதிக் கொண்டாந்தேன் மைனி. பிஸ்மி சொல்லிக் குடிங்க. உங்களுக்குத் தெரிஞ்ச சாமி பேரைச் சொன்னாலும் சரிதான்." சொல்லிக் கொண்டே மூடியைத் திறந்துவிட்டாள். அவள் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகிற ரகம் இல்லை, தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். என் மனைவியும் கையை நீட்டிவிட்டாள்.

நான் நடுவில் போய் நின்றேன். தண்ணீர் அளக்கிற டம்ளரை எடுத்துக் காட்டினேன். காலியாக இருந்தது.

அவள் டம்ளரைப் பார்த்தாள், வீங்கின காலைப் பார்த்தாள். மூடியைத் திருகிவிட்டு என் மேல் பாய்ந்தாள். "மெஷின்ல வச்சிருக்குன்னு சொல்ல வாய் வரலையா அண்ணாச்சி? எங்க மாமுவும் அதுலதான கிடந்தாவ! எனக்குத் தெரியாதா தண்ணிக் கணக்கு? வாறவளெல்லாம் ஊத்திட்டுப் போட்டும்னு மரமாட்டம் நிக்கீங்களே!"

"அவுகள ஏசாத" என்றாள் என் மனைவி. "பாவம், அவுகளுக்கு வாங்கத்தான் தெரியும், வேண்டாம்னு சொல்லத் தெரியாது."

தங்கச்சி அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, உதட்டுக்குள் எதையோ சொல்லி, என் மனைவியின் முகத்தில் தடவினாள். நான் தீர்த்தம் ஒற்றின அதே இடம். பிறகு காலைத் தொட்டுப் பார்த்தாள். "எரியுதா?"

"ராவும் பகலும் எரியுது."

"அப்ப வயித்துக்குள்ள போகாத இலையா ஒண்ணு போடுவோம். அதுக்கு எந்த டாக்டர் என்ன சொல்லப் போறாரு? இருந்தாலும் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி."

மறு தடவை மெஷினுக்குப் போனபோது நர்சம்மாவிடம் கேட்டேன். வெறும் இலையை அரைத்துப் போடுவதென்றால் சரி, கடையில் விற்கிற கறுப்பு மருதாணி வேண்டாம், ஊசி குத்துகிற இடது கையிலும் நகத்திலும் போடக் கூடாது என்றாள்.

தங்கச்சி வந்து எங்கள் வேலியில் தளிராகப் பார்த்து உருவினாள். எங்கள் அம்மியிலேயே அரைத்தாள். என் மனைவியின் வலது உள்ளங்கையில் ஒரு கொடி, கால் முழுக்கப் பற்று. அந்தக் கை அசையாமல் இருக்க மடியில் வைத்துக் கொண்டாள்.

"கிழவிக்கு இனிமே எந்த மாப்பிள்ளை வாராரு?" என்றாள் என் மனைவி.

"பழைய மாப்பிள்ளைதான். அந்தா நிக்காருல்லா, மரமாட்டம். உங்களுக்கு வேற யாரு வருவா?"

என் மனைவி சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எரிச்சல் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மட்டுப்பட்டது. நன்றாகச் சிவந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் அவளுக்கு ஆகும் என்று ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே என்று நான் போய் வேலியைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அன்று போகிற போக்கில் தங்கச்சி ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "மெஷின்ல போட்ட உடனே கேட்டுப் பாருங்க. இரத்தத்துல அளவு சரியா இருந்தா, சில நாள் ஒரு துண்டு பழம் விடுவாவ. எங்க மாமுவுக்கு ஒரு சொளை ஆரஞ்சு குடுத்தாவ. சின்னப்புள்ள மாதிரி அதுக்கே காத்துக் கிடப்பாவ. நீங்களா குடுத்திராதீங்க, கேட்டுட்டு."

அது போதும், என் மனைவிக்கு. அதுவரை எதையும் வேண்டும் என்று கேட்காதவள், காலையில் எழுந்ததும், "அந்தக் கிணத்தடிக் குலை எப்படி இருக்கு?" என்று தொடங்குவாள். இன்னும் திரளவில்லை என்பேன். சாயங்காலம் மறுபடி, "காயில பட்டை மறைஞ்சு உருண்டிருக்கா?" என்பாள். அவளுக்குத் தெரியாத வாழையா? எத்தனை நாளில் குலை முற்றும் என்று எனக்கே சொல்லித் தருகிறவள்தான். ஆனாலும் கேட்டாள். ஒருநாள் மெஷினில் இருந்து வந்து, காய்ச்சலும் குளிருமாகக் கிடந்தாள். அப்போதும் கண்ணைத் திறக்காமல், "வெட்டிட்டீங்களா?" என்றாள்.

எனக்குப் பயம் பிடித்துக் கொண்டது. குலை காத்திருக்கும், இவள் காத்திருப்பாளா என்று ஒரு நினைப்பு வந்தது. வரக் கூடாத நினைப்பு. விடிந்ததும் போய் வெட்டிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்க வேண்டிய குலை. குழியில் வைத்துப் புகைமூட்டம் போட்டேன். மேலே மஞ்சள் தட்டியது.

வழக்கப்படி ஒரு சீப்பைப் பாபநாசத்துக்கு எடுத்துப் போனேன். சாமிக்கு வைத்துவிட்டுக் குருக்கள் ஒரு பழத்தையும் துளி மஞ்சளையும் என் கையில் போட்டார். அந்தப் பழத்தைத் துண்டில் முடிந்து வைத்துக் கொண்டேன்.

மறுநாள் மெஷின். பஸ்ஸில் நான் ஜன்னலோரம், அவள் இந்தப் பக்கம், பழம் என் மடியில். நர்சம்மாவிடம் கேட்டேன். பிரசாதம், எங்கள் தோட்டத்துப் பழம், கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தாள், உள்ளே போய் டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டு வந்தாள். "இன்னைக்குப் பரவால்ல. ஆனா இத்தனூண்டுதான்" என்று தன் கட்டைவிரல் நுனியைக் காட்டினாள். "மெஷின் ஓட ஆரம்பிச்ச உடனே குடுத்திருங்க. மிச்சத்தை அவங்க கண்ணுல படாம வச்சிருங்க."

மெஷின் ஓடியது. குழாயில் இரத்தம் போவதும் வருவதும் தெரிந்தது. நான் துண்டைப் பிரித்துத் தோலை உரித்து நுனியைக் கிள்ளினேன். அவள் வாயைத் திறந்தாள். சிவசிவ என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கொண்டாள். வெகு நேரம் மென்றாள். வெள்ளை விரிப்பில் அவளுடைய வலது கை சிவப்பாகக் கிடந்தது.

"எப்படி இருக்கு?"

"தேன் மாதிரி இருக்கு" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "நம்ம தோட்டத்துப் பழம்லா."

எனக்கு அந்த நேரம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கூடச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க. பிரசாதத்தைக் கீழ போட்டிராதீங்க" என்றாள்.

வராந்தாவுக்கு வந்து ஒரு கடி கடித்தேன். துவர்ப்பு. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கொண்டது. தோல்தான் மஞ்சள், உள்ளே பாதி காய். வேறு யாராவது கொடுத்திருந்தால் துப்பியிருப்பேன்.

கையில் அதை வைத்துக் கொண்டு அங்கேயே நின்றேன். ருசி செத்துப் போகும் என்று டாக்டரம்மா சொன்னாளே, அப்படியே செத்துப் போய்விட்டதா? துவர்ப்பு என்றுகூடத் தெரியாத அளவுக்கு? இல்லை, எனக்காகச் சொன்னாளா? முதலாவது என்றால் என்னால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது என்றாலும் ஒன்றும் இல்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பிரசாதம். துப்பவும் முடியாது, போடவும் முடியாது. ஒவ்வொரு கடியாக விழுங்கி முடித்தேன். தோலை மட்டும் துண்டில் முடிந்தேன், வாழைத் தூருக்குப் போடலாம் என்று.

முகத்தைக் கழுவிக் கொண்டு உள்ளே போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்துக் கொண்டுதான் இருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

"தேன்தான்" என்றேன்.

அவள் சிவந்த கையை மெதுவாக நகர்த்தி என் மணிக்கட்டில் வைத்தாள். 

"அடுத்த குலையை அவசரப்பட்டு வெட்டிராதீங்க" என்றாள். "பைய முத்தட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அடுத்த வாழை இன்னும் பூத் தள்ளவில்லை.